கோளத்துக்குள் ஒரு விருத்தம்

மாமா பாடி நான் பதிவு செய்த விருத்தத்தை அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா தம்பி கிணத்துக்குள்ள இறங்கி நின்னு பாடற மாதிரி இருக்கே, ஏன்?" என்றாள். அவள் குறை சொல்ல நினைக்கவில்லை, காதில் விழுந்ததைச் சொன்னாள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் கிணற்றை நான் பத்து நாள் செலவழித்துக் கட்டியிருந்தேன். அது கிணறு இல்லை, பெர்லினில் ஒரு குன்றின் உச்சியில் நிற்கும் பெரிய வெள்ளைக் கோளம். அதன் எதிரொலியைத்தான் கணினியில் அவர் பாட்டோடு சேர்த்திருந்தேன். அம்மாவுக்கு அது கோளமாகக் கேட்கவில்லை என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது.

மாமா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடை ஏறிக் கச்சேரி செய்தவர் இல்லை. ஆனால் ஊர்க் கோயில் மகாமண்டபத்தில் சாயங்கால வேளையில் அவர் பாடி நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். எப்போதும் விருத்தம்தான், செய்யுளை ராகத்தில் விரித்துப் பாடுவது. தாளம் இல்லை, தவில் இல்லை, ஒரு சுருதிப்பெட்டி போதும். அவருக்கு எழுபது ஆகிறது, குரல் இன்னும் நின்று பேசுகிறது, இருக்கும்போதே ஒழுங்காகப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கோயிலில் பதிய முடியாது. பக்கத்தில் பேருந்து நிலையம், தூணுக்குத் தூண் புறா. அதனால் வீட்டில் என் அறையிலேயே வைத்துக்கொண்டோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு பக்கம் மெத்தையை நிமிர்த்திச் சாத்தி, எதிர்ப்பக்கம் பீரோவைத் திறந்து புடவைகள் தெரியும்படி விட்டு, ஜன்னலில் இரண்டு போர்வை தொங்கவிட்டேன். மே மாதம். ஃபேனை நிறுத்தியதும் மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினார். "என்ன மாப்ள, சத்தம் வாய்லயே செத்துப் போவுது? எனக்கே நான் பாடறது கேக்கலயே." நான் சொன்னேன்: "நீங்க பாடுங்க மாமா. அதெல்லாம் பின்னால சேத்துக்கலாம்."

பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் பதிவு செய்கிற எல்லோரும் சொல்வதுதான். நானும் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேர்ப்பதற்கு நான் எடுத்தது டொய்ஃபெல்ஸ்பெர்க் என்ற இலவச ரிவெர்ப் பிளகின், அதாவது பதிவுக்கு எதிரொலி சேர்க்கும் மென்பொருள். இருக்கும் ஓர் இடத்தின் எதிரொலியை அங்கேயே போய்ப் பிடித்து வந்து செய்தது. எத்தனையோ தேவாலயங்களும் அரங்குகளும் இலவசமாகக் கிடைக்கும்போது இதன் மேல் எனக்குப் பிரியம் வந்ததற்கு அந்த இடத்தின் கதைதான் காரணம். டொய்ஃபெல்ஸ்பெர்க் என்றால் சாத்தான் குன்று. பெர்லினின் மேற்கே குரூனேவால்ட் காட்டுக்குள் இருக்கிறது. அது இயற்கையான குன்றும் இல்லை. நாஜிகள் அந்த இடத்தில் ஒரு ராணுவத் தொழில்நுட்பக் கல்லூரி கட்ட ஆரம்பித்து, போர் வந்ததால் பாதியில் விட்டார்கள். போர் முடிந்தபின் அந்தக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தார்கள், முடியவில்லை. சரி, மூடிவிடலாம் என்று குண்டுவீச்சில் இடிந்த பெர்லின் வீடுகளின் செங்கல்லையும் காரையையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து அதன் மேல் கொட்டினார்கள். வருஷக்கணக்காகக் கொட்டி, கடல்மட்டத்திலிருந்து 120 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை எழுந்துவிட்டது. ஒரு நகரத்தின் அடுப்படிகளும் படுக்கையறைகளும் தூளாகிக் குவிந்த மலை. அதன் உச்சியில் 1960களில் அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களும் ஒட்டுக்கேட்கும் நிலையம் வைத்தார்கள். மேற்கு பெர்லினைச் சுற்றி நாலா பக்கமும் கிழக்கு ஜெர்மனி. அங்கே ஓடும் வானொலிப் பேச்சையெல்லாம் இங்கே உட்கார்ந்து கேட்டார்கள். பெரிய ஆன்டெனாக்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று வெளியே தெரியாதபடி அவற்றை வெள்ளைக் கோளங்களுக்குள் மூடி வைத்தார்கள். பெர்லின் சுவர் விழுந்ததும் நிலையத்துக்கு வேலை இல்லாமல் போனது. கருவிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பல கோளங்களின் உறை கிழிந்து காற்றில் அடித்துக்கொள்ள, சுவரெல்லாம் ஓவியம் ஏறியது. கோபுரத்தின் உச்சிக் கோளம் மட்டும் பெரிதாகச் சேதப்படாமல் நின்றது. அங்கே ஏறிப் போகிறவர்கள் முதலில் கை தட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் பாடிப் பார்ப்பார்கள்.

அந்தக் கோளம் வானொலி அலையைத் தடுக்கக் கூடாது, அதற்காகவே செய்தது. ரேடியோ அதன் வழியே சுவரே இல்லாததுபோல் ஊடுருவிப் போகும். மனிதக் குரலுக்கு அது கெட்டியான சுவர். குரல் பட்டால் திரும்பித்தான் வர வேண்டும். கோளம் என்பதால் நடுவில் நிற்பவர் எழுப்பும் ஒலி எந்தப் பக்கம் போனாலும் அதே நேரத்தில் அவர் காதுக்கே திரும்பி வந்து சேரும். ஊரார் பேச்சையெல்லாம் உள்ளே விட்ட சுவர், உள்ளே நிற்பவன் பேச்சை வெளியே விடுவதில்லை. இதைப் புரிந்துகொண்ட அன்றே மாமாவை அங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு தட்டு, ஒரு வால்

இந்த வகை ரிவெர்ப் எப்படி வேலை செய்கிறது என்பதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. ஓர் இடத்தில் போய் ஒரே ஒரு முறை 'டப்' என்று சத்தம் எழுப்ப வேண்டும். பலூனை உடைக்கலாம், வெற்றுத் தோட்டாவைச் சுடலாம். சுத்தமாகச் செய்ய வேண்டும் என்றால், அடிமட்ட ஒலியிலிருந்து காது எட்டும் உச்சம்வரை மெல்ல ஏறும் ஒரு விசில் ஒலியை ஒலிபெருக்கியில் விட்டுப் பதிந்து, கணக்குப் போட்டு அதை ஒரே தட்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். இத்தாலிய ஒலியியலாளர் ஆஞ்செலோ ஃபரீனா 2000இல் செம்மைப்படுத்திய முறை அது. தட்டுக்குப் பின் எதிரொலித்துத் தேய்ந்து மறையும் அந்த ஒலிவால்தான் அந்த இடத்தின் கைரேகை. நம் பாட்டின் ஒவ்வொரு துளியும் அங்கே ஒரு தட்டு தட்டியதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாலை ஒட்டி, எல்லாவற்றையும் கூட்டினால் பாட்டு அந்த இடத்தில் ஒலித்ததாக ஆகிவிடும். டிஜிட்டல் பதிவில் ஒரு நொடிக்கு 44,100 துளி. வால் பத்து நொடி நீளம் என்று வைத்துக்கொண்டால் அதில் 4,41,000 எண்கள். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 1,945 கோடிப் பெருக்கல். நேரடியாகப் போட்டால் எந்தக் கணினியும் திணறும். ஃபூரியர் உருமாற்றம் என்ற கணிதக் குறுக்குவழி இருந்தது. ஆனால் அது ஒரு பெரிய துண்டு ஒலி சேரும்வரை காத்திருந்து மொத்தமாகக் கணக்கிடும் வழி, அதனால் எதிரொலி தாமதமாக வரும். 1995இல் வில்லியம் கார்ட்னர் என்ற ஆய்வாளர் அந்த வாலை வெட்டினார். தொடக்கத்தைச் சின்னச் சின்னத் துண்டாகவும் போகப்போகப் பெரிய துண்டாகவும் பிரித்துக் கணக்கிட்டால் தாமதமே இல்லாமல் செய்யலாம் என்று காட்டினார். 1999இல் சோனி இதற்கென்று ஒரு தனி இயந்திரம் விற்றது. பெரிய ஸ்டுடியோக்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலை. இன்று என் பழைய மடிக்கணினி அதைச் சும்மா செய்கிறது, காசும் இல்லை. தாமதம் இல்லை என்ற அந்த ஒரு வார்த்தைதான் பிற்பாடு எனக்கு உதவியது. அப்போது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

ஆக, மாமாவின் குரலை மெத்தைக்கும் பீரோவுக்கும் நடுவில் எதிரொலியே இல்லாமல் காய்ந்த நிலையில் பதிந்து, பெர்லின் கோளத்தைப் பின்னால் சேர்த்தேன். அம்மா கிணறு என்றாள். பிளகினின் திருகுகளைத் திருப்ப ஆரம்பித்தேன். எதிரொலியின் அளவைப் பாதியாகக் குறைத்தால் குரல் தெளிவானது, ஆனால் கோளம் போய்விட்டது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை வெட்டினால் கிணறு மறைந்து தகர டப்பா வந்தது. குரலுக்கும் முதல் எதிரொலிக்கும் நடுவில் இடைவெளியைக் கூட்டிப் பார்த்தேன். மாமா ஓர் இடத்தில், கோளம் இன்னோர் இடத்தில் என்று இரண்டாகப் பிரிந்து நின்றன. அவர் ஸ்வரங்களை வேகமாக உருட்டி பிருகா போடும் இடமெல்லாம் சேறு. தோடி ராகத்தில் அந்தக் காந்தார ஸ்வரம் ஆடுமே, அந்த ஆட்டம் முழுவதும் ஒன்றன் மேல் ஒன்று படிந்து, எந்த ஸ்வரம் என்றே தெரியாத ஒரு மூட்டமாகிவிட்டது. ஒரு வரி முடிந்து வால் பாதி இறங்குவதற்குள் அடுத்த வரி வந்து அதை மிதித்துக்கொண்டு போனது.

அப்போது எனக்கு ஒரு கோட்பாடு இருந்தது. நிஜமான இடத்தில் காற்று அசையும், பாடுகிறவர் தலையைத் திருப்புவார், ஒவ்வொரு தட்டுக்கும் எதிரொலி கொஞ்சம் மாறும். இங்கேயோ எத்தனை முறை தட்டினாலும் அச்சுப் பிசகாத அதே வால். ஒரு புகைப்படத்துக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுத்ததுபோல். அதனால்தான் ஒட்டவில்லை என்று நம்பினேன். நம்பிக்கையோடு நண்பர்களிடம் வாதம்கூடச் செய்தேன். அது முழுக்கப் பொய்யும் இல்லை. ஆனால் என் சிக்கல் அது இல்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒலிக்காகப் பிடித்து வைக்கப்பட்ட இடங்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். வெனிஸின் லா ஃபெனீச்சே ஓபரா அரங்கம் 1996 ஜனவரி 29 அன்று எரிந்து சாம்பலானது. அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால்தான் அங்கே எதிரொலியை அளந்திருந்தார்கள். அரங்கை மறுபடி எழுப்பியபோது அந்தப் பதிவு கையில் இருந்தது. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தையும் 2019 ஏப்ரல் தீக்கு ஆறு வருஷம் முன்னால் அளந்து வைத்திருந்தார்கள். கல்லும் மரமும் போனபின் ஒலி மட்டும் ஒரு கோப்பில் மிஞ்சுவதை நினைத்தால் மனசு கனக்கிறது. டொய்ஃபெல்ஸ்பெர்க் கோளமும் அப்படித்தான், இன்னும் எத்தனை பனிக்காலம் தாங்கும் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் என்னை உட்கார வைத்தது இவை இரண்டும் இல்லை. இஸ்தான்புல்லில் தேவாலயமாகக் கட்டிய ஹாகியா சோஃபியா.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் பிஸ்ஸேரா பென்ச்சேவா, ஹாகியா சோஃபியா அருங்காட்சியகமாக இருந்த காலத்தில் அங்கே சில பலூன்களை உடைத்துப் பதிந்துகொண்டார். அவ்வளவுதான் அவருக்கு வாய்த்தது. அந்த 'டப்'புகளை வைத்து ஜொனாதன் ஏபல் என்ற ஒலிப் பொறியியலாளர் அந்தப் பெரும் கும்மட்டத்தின் வாலைக் கணக்கிட்டு எடுத்தார். பத்து நொடிக்கு மேல் ஓடும் வால். ஆறாம் நூற்றாண்டில் கட்டிய அந்த இடத்தில் பைசாந்தியப் பேரரசுக் காலத்து வழிபாட்டுப் பாடல்கள் எப்படி ஒலித்திருக்கும் என்று கேட்பதற்காக கப்பெல்லா ரொமானா என்ற பாடகர் குழுவைப் பாட வைத்தார்கள். 2019இல் ஆல்பமாகவும் வந்தது. இதுவரை எனக்கு முன்பே தெரியும். தெரியாதது ஒன்று: அவர்கள் பாடிய பிறகு எதிரொலியைச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு பாடகருக்கும் தனித்தனி மைக் வைத்து, பாடும்போதே ஹாகியா சோஃபியா அவர்கள் காதில் ஒலிக்கும்படி செய்திருந்தார்கள். அந்த இடத்தைக் கேட்டதும் அவர்கள் பாடும் வேகமே குறைந்தது.

அதைப் படித்ததும் கணினியை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். மாமா முதல் நாளே என்னிடம் சொன்னார், எனக்கே நான் பாடறது கேக்கலயே என்று.

முதலில் கோளம், அப்புறம் குரல்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவை மறுபடி வரச் சொன்னேன். "போன தடவை பாடினதுல தப்பா?" என்று கொஞ்சம் சங்கடத்தோடுதான் வந்தார். "நீங்க பாடினதுல ஒண்ணும் இல்ல மாமா. நான்தான் உங்களுக்கு இடமே குடுக்காம பாடச் சொல்லிட்டேன்" என்றேன்.

செய்ய வேண்டியிருந்தது சின்ன வேலைதான். மாமாவின் குரல் மைக்கிலிருந்து, மைக்கையும் கணினியையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வழியாக நேரே அவர் ஹெட்போனுக்குப் போகும், கணினிக்குள் நுழையவே நுழையாது. கணினி கோளத்தின் எதிரொலியை மட்டும், குரல் ஒரு துளிகூடக் கலக்காமல் அனுப்பும். இரண்டும் காதில் சேரும். கணினியின் தாமதம், போக வர எல்லாம் சேர்த்து, பத்து மில்லிநொடிக்குள் நின்றது. குரலே அவ்வளவு தாமதமாக வந்தால் பாடகரை உறுத்தும். எதிரொலிக்கு அது பொருட்டே இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பத்து மில்லிநொடி என்றால் 3.4 மீட்டர். போய் வரும் தூரம் என்பதால், கோளத்தின் சுவர் இன்னும் 1.7 மீட்டர் கூடுதலாகத் தள்ளி நிற்பதுபோல் ஆகும், அவ்வளவே. கார்ட்னர் வாலை வெட்டிய அந்த வேலை இல்லையென்றால் இதைச் செய்திருக்க முடியாது.

ஹெட்போனை மாட்டியதும் மாமா தொண்டையைக் கனைத்தார். கனைத்தது திரும்பி வந்தது. சட்டென்று தலையைத் தூக்கி மேலே பார்த்தார். என் அறையின் கூரை ஒன்பது அடி. அவர் பார்த்தது அதை இல்லை. அப்புறம் வாயைத் திறந்து ஒரே ஒரு ஸட்ஜம் விட்டார். விட்டுவிட்டு நிறுத்தினார். கையைத் தொடை மேல் மடக்கி வைத்துக்கொண்டு, அது முழுவதும் அடங்கும்வரை அசையாமல் இருந்தார். மறுபடி அதே ஸட்ஜம். இந்தத் தடவை அது அடங்குவதற்கு முன்பே அதன் மேல் பஞ்சமத்தை மெதுவாகக் கொண்டுபோய் வைத்தார். தன் குரலோடு தானே சேர்ந்துகொண்டதும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். உடனே சுருதிப்பெட்டியைக் காட்டி அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அணைத்தேன். "வேண்டாம் மாப்ள. நான் விட்டதே இங்க நிக்கிது."

அன்று அவர் பாடியதும் அதே விருத்தம், அதே தோடி. ஆனால் பிருகாவை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. முதல் வரியில் பழக்கத்தில் ஒன்று போட்டார். அது குழம்பித் திரும்பி வந்ததும், கறிக்குக் காரம் கூடிவிட்டதை நாக்கில் வைத்துப் பார்த்தவர்போல் தலையை லேசாக ஆட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அப்படி ஒன்று வரவில்லை. பிருகா இருந்த இடங்களில் ஒரே ஸ்வரத்தை நீட்டி நிற்கும் கார்வை வந்தது. காந்தாரத்தின் ஆட்டத்தையும் அகலமாக்கி நிதானமாக்கினார். ஒரு சொல்லை முடித்துவிட்டுக் காத்திருந்தார். எப்போது அடுத்ததை எடுக்க வேண்டும் என்று கோளம் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. வால் எந்த அளவுக்குத் தேய்ந்ததும் எடுத்தால் பழைய ஸ்வரமும் புது ஸ்வரமும் ஒன்றையொன்று மிதிக்காதோ, சரியாக அந்த இடத்தில் எடுத்தார். விருத்தம் என்பதால் அது முடிந்தது. தாளக்கட்டு இருந்திருந்தால் தாளத்துக்கும் கோளத்துக்கும் நடுவில் இழுபறி நடந்திருக்கும். முதல் முறை ஐந்து நிமிஷத்தில் முடிந்த பாட்டு இன்று எட்டரை நிமிஷம்.

முடித்து ஹெட்போனைக் கழற்றியதும், "இது எந்தக் கோயில் மாப்ள?" என்று கேட்டார்.

கோயில் இல்லை என்று சொல்லி, குன்றையும் கோளத்தையும் முழுக்கச் சொன்னேன். இடிந்த வீடுகளைக் குவித்த மலை என்றபோது 'ச்ச்' என்றார். ஒட்டுக்கேட்கிற நிலையம் என்றபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அத்தன வருஷம் கேட்டுட்டே இருந்த இடமா. அதான் நல்லாக் கேக்குது" என்றார். அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

நம் விருத்தத்தை எதற்காக பெர்லினில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், மண்டபத்தின் எதிரொலியைப் பிடித்து வரக் கூடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. மண்டபத்தையும் பிடிக்கத்தான் போகிறேன், விடியற்காலையில் பேருந்துகள் கிளம்புமுன். ஆனால் அது வேறு பாட்டாக இருக்கும். கல்மண்டபத்தில் தூண்கள் ஒலியைச் சிதறடிக்கும், பக்கங்கள் திறந்து கிடக்கும், வால் குட்டையாக, அடர்த்தியாக இருக்கும். அங்கே மாமாவின் பிருகா அழகாக நிற்கும். அந்த மண்டபத்தில் நாற்பது வருஷம் பாடியதால்தான் அந்த பிருகாவே அவருக்கு வந்தது என்று இப்போது எனக்குப் படுகிறது. முதல் பதிவில் அவர் பாடியது மண்டபத்துக்கான பாட்டு. நான் அதை ஓர் அறையில் கழுத்தை நெரித்து வாங்கி, கோளத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். கிணறு என்று அம்மா சொன்னது மிகச் சரி.

திருகுகளை இந்த முறை நான் தொடவே இல்லை. மாமா ஹெட்போனில் கேட்ட அதே அளவு எதிரொலி, அதே இடைவெளி, எதையும் வெட்டவில்லை. கணக்குப்படி பார்த்தால் முதல் பதிவில் போட்டதைவிட இரண்டு பங்கு அதிகம். அம்மா கேட்டுவிட்டு இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி என்ன இவ்வளவு நிதானமாப் பாடறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னாள்.

நேற்று கோளத்தை அணைத்துவிட்டு அந்தக் காய்ந்த ட்ராக்கை மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வரிகளுக்கு நடுவில் நீள நீளமாக மௌனம். ஒலியைக் கூட்டினால் அதற்குள் மாமா மூச்சை அடக்கிக் காத்திருப்பது கேட்கிறது. நாற்காலி ஒரு முறை கிறீச்சிடுகிறது. அதற்கும் அடியில், அவர் காதிலிருந்து கசிந்து மைக்குக்கு வந்த கோளத்தின் வால், கொசு ரீங்காரம் அளவுக்கு மெல்லியதாக, இறங்கிக்கொண்டே போகிறது. பதிவில் இப்படிக் கசிவு இருந்தால் வெட்டி எடுத்துவிடுவதுதான் வழக்கம். நான் வெட்டவில்லை.